கையில் கயிறு, நாக்கடியில் மாத்திரை

என் தம்பி காலையில் பத்து நிமிடம் பேசமாட்டான். எங்கள் வீட்டில் அது பெரிய விஷயம். நாங்கள் இருவருமே வாயாடிகள். பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்கக் கணக்கு நடத்திவிட்டுத் தொண்டை கட்டி வந்தாலும் நான் பேசுவேன். அவன் மூட்டை இறக்கிவிட்டு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே பேசுவான். ஆனால் காலை ஆறரைக்கு நாக்குக்கு அடியில் ஒரு சின்ன மாத்திரையை வைத்துக்கொண்டு அவன் பின்வாசல் படியில் உட்கார்ந்துவிட்டால், அது கரையும்வரை வாயைத் திறக்கக் கூடாது. எச்சிலை விழுங்கவும் கூடாது. அந்தப் பத்து நிமிடமும் நான்தான் பேசுவேன். எதிர்த்துப் பேச முடியாத ஆளிடம் பேசுவது எத்தனை சுகம் என்று வாத்தியார் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அவனுக்கு முப்பத்திரண்டு வயது, எனக்கு நாற்பத்தொன்று. நைனாவும் அம்மாவும் போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவனுக்குப் பேசி முடித்தது நின்றுபோயிற்று. செஞ்சியில் நாங்கள் கமிட்டி என்று சொல்லும் நெல் விற்பனைக்கூடத்திலிருந்து மில்களுக்கு மூட்டை ஏற்றிப்போகும் சின்ன லோடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். ஓர் அறுவடைக் காலத்தில், அடுக்கி வைத்திருந்த மூட்டை சரிந்து அவன் இடுப்பின்மேல் விழுந்தது. ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். மூன்று மாதம் படுக்கை. வலி தாங்காமல் சுவரைக் குத்துவான். அப்போது எழுதிக் கொடுத்த வலி மாத்திரைதான் ஆரம்பம். எலும்பு கூடிய பிறகும் மாத்திரை நிற்கவில்லை. சீட்டில்லாமல் அதை வாங்க யாரோ அவனுக்கு வழி காட்டியிருக்கிறார்கள்.

கடைசி பெஞ்சில் பிட் அடிக்கிற பையனை முதுகைத் திருப்பிக்கொண்டே பிடித்துவிடுவேன் என்று பெயரெடுத்தவள் நான். என் வீட்டுக்குள் நடந்ததைக் கண்டுபிடிக்க எனக்கு ஒன்றரை வருடம் ஆயிற்று. அவன் எடை குறைந்தபோது வேலை அதிகம் என்று நினைத்தேன். சாப்பிடும்போதே தூங்கி விழுந்தபோது ராத்திரி செல்போன் பார்க்கிறான் என்று திட்டினேன். ஒருநாள் துவைக்கப் போட்ட சட்டைப் பையில் காலி அட்டைகள் நாலைந்து இருந்தன. எல்லாம் ஒரே மாத்திரை. கேட்டேன். அவன் பொய் சொல்லவில்லை. "விடணும்னு பாக்குறேன்கா. முடியல. உடம்பெல்லாம் முறிக்குது" என்று என் முன்னால் உட்கார்ந்து அழுதான்.

விசாரித்து விசாரித்து, பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் தள்ளியிருந்த ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அங்கே ஒரு டாக்டர் பொறுமையாக விளக்கினார். அந்த வலி மாத்திரை அபினி வகையைச் சேர்ந்தது. அதை வெறும் மன உறுதியால் விட்டுவிட முடிகிறவர்கள் ரொம்பக் குறைவு. அதற்கென்று ஒரு மருந்து இருக்கிறது. நாக்கடியில் வைத்துக் கரைத்தால் முறிப்பும் ஏக்கமும் அடங்கும், மயக்கம் இருக்காது, வேலைக்குப் போகலாம் என்றார். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். வகுப்பில் புரியாத பிள்ளைகள் இப்படித்தான் தலையாட்டுவார்கள்.

மருந்து வேலை செய்தது. அதில் எந்தச் சந்தேகமும் இல்லை. பத்து நாளில் அவன் கண்ணில் பழைய வெளிச்சம் வந்துவிட்டது. சிக்கல் பஸ்ஸில் இருந்தது. மாத்திரையை வீட்டுக்குக் கொடுத்தனுப்ப மாட்டார்கள். வெளியே விற்றுவிடுவார்கள் என்ற பயம். தினமும் அங்கேயே போய், நர்ஸ் கண்முன்னால் கரைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து. விடியற்காலை பஸ் பிடித்து, வரிசையில் நின்று, கரைத்து, திரும்பி வர மத்தியானம் ஆகிவிடும். கமிட்டியில் லோடு ஓடுவதே காலையில்தான். இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு வண்டிக்காரர் சாவியை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார். மாத்திரை சாப்பிட்டு வேலைக்குப் போகலாம் என்றார்கள். மாத்திரை சாப்பிடப் போனதில் வேலை போயிற்று.

அந்த மழைக்காலத்தில் ஒருநாள் ரோட்டில் தண்ணீர் ஏறி பஸ் ஓடவில்லை. மறுநாளும் இல்லை. இரண்டாம் நாள் சாயங்காலம் தம்பிக்குக் கை நடுங்கியது. மூக்கில் தண்ணீர் ஒழுகியது. போர்வைக்குள் சுருண்டுகொண்டு காலை உதறிக்கொண்டே இருந்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அப்போதுதான் என் மூளை அதன் மகா கெட்டிக்காரத்தனமான கணக்கைப் போட்டது. இரண்டு நாள் இல்லையென்றால் இந்த ஆட்டு ஆட்டுகிறதே, இது மருந்தா, போதையா? ஒரு பக்கத்திலிருந்து எடுத்து இன்னொரு பக்கத்தில் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதானே?

தைராய்டுக்காகப் பதினோரு வருடமாக வெறும் வயிற்றில் மாத்திரை போடுகிறவள் நான். நாலைந்து வாரம் விட்டால் எனக்குக் கால் வீங்கும். அது அந்தக் கணக்கில் வரவே இல்லை.

எங்கள் பக்கத்தில் குடியை விடக் கயிறு கட்டுகிற வழக்கம் உண்டு. சிங்கவரம் போகிற வழியில், ஏரிக்கரையில் ஒரு முனீஸ்வரன் கோயில். ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்துவிட்டு, எலுமிச்சம்பழமும் கற்பூரமும் வாங்கிக்கொண்டு போனால், பூசாரி சாமிக்கு முன்னால் நிற்கவைத்துச் சத்தியம் வாங்கிக் கறுப்புக் கயிறு கட்டுவார். கயிறு கையில் இருக்கிறவரை தொடக் கூடாது. பெரிய குடிகாரர்கள் எல்லாம் அந்தக் கயிற்றுக்குப் பயந்து வருடக்கணக்கில் ஒழுங்காக இருந்ததை நானே பார்த்திருக்கிறேன். பூசாரிக்கு என் வயதுதான் இருக்கும். மற்ற நாட்களில் பஸ் ஸ்டாண்டு பக்கம் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார்.

ஆஸ்பத்திரி மாத்திரையும் போதைதான் என்று சொல்லி, தம்பியை அங்கே கூட்டிப்போனேன். "இன்னா பழக்கம்?" என்று பூசாரி என்னைக் கேட்டார். பின்னால் வரிசையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். அதில் என் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் தாய்மார்கள் இருவர்.

"குடி" என்றேன்.

எங்கள் ஊரில் தம்பி குடிக்கிறான் என்று சொன்னால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். மாத்திரை என்று சொன்னால் மறுநாள் பள்ளிக்கூட வாசலில் எனக்கு முன்பே அந்தச் செய்தி வந்து நிற்கும். தம்பி என்னை ஒரு பார்வை பார்த்தான்.

"போதை எதுவும் நாக்குல படக்கூடாது. சத்தியம் பண்ணு" என்றார் பூசாரி. "யாரு மேல பண்றே?"

தம்பிக்கு வேறு யார் இருக்கிறார்கள்? வலது கையைத் தூக்கி என் தலையில் வைத்தான். "எங்க அக்கா மேல சத்தியமா, இனிமே எந்த மாத்... எதுவும் தொடமாட்டேன்" என்றான். கற்பூரம் எரிந்தது. அதே கையில் பூசாரி கயிற்றைக் கட்டினார். எனக்கு அழுகை வந்தது. சந்தோஷ அழுகை என்று நினைத்துக்கொண்டேன். தலையில் அடித்துச் செய்த சத்தியத்தை மீறினால் அந்தத் தலைக்குத்தான் ஆபத்து என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும்.

அதற்கப்புறம் அவன் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. நானும் போகச் சொல்லவில்லை. ஒரு வாரம் நரகம். வாந்தி, பேதி, தூக்கமே இல்லை. கஞ்சி காய்ச்சிக் கொடுத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொள், பல்லைக் கடித்துக்கொள் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். எட்டாம் நாள் எழுந்து குளித்தான். இரண்டு வாரத்தில் வேறொருவரின் லோடு வண்டி கிடைத்தது. ஐந்து வாரம் தாண்டியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்டாஃப் ரூமில் மைசூர்பாகு கொடுத்தேன். எதற்கு என்று கேட்டதற்கு, சும்மாதான் என்றேன். பெருமையைக்கூட வெளியே சொல்ல முடியாத பெருமை.

ஏக்கம் இருக்கிறதா என்று அந்த ஐந்து வாரத்தில் நான் ஒருமுறைகூட அவனைக் கேட்கவில்லை. கேட்டால் அவன் என்ன சொல்லியிருப்பான் என்று எனக்குத் தெரியும் என்பதால்தான் கேட்கவில்லை.

ஆறாவது வாரம் ஒரு வெள்ளிக்கிழமை, மூன்றாம் பீரியடில் போன் வந்தது. திருவண்ணாமலை ரோட்டில், கோட்டைக்குப் போகும் வழியில் இளநீர் விற்கிற அம்மா பேசினார். "டீச்சர், உன் தம்பி வண்டிய நிழல்ல நிறுத்திட்டுத் தூங்குறான்னு பாத்தேன். குறட்டை ஒரு மாதிரியா வருது. உதடு நீலமா இருக்குது. தட்டுனா எழல." அவரே நூற்றெட்டுக்கும் சொல்லியிருந்தார். நான் ஆட்டோவில் போய்ச் சேர்வதற்குள் அவனை எங்கள் ஊர் அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டிருந்தார்கள். உள்ளே எட்டிப் பார்த்தேன். ஒரு சிஸ்டர் அவன் முகத்தில் மூச்சுப் பையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். இளம் பெண் டாக்டர் ஒருவர் ஊசி போட்டார். அவன் மார்பு தானாக ஏறி இறங்குவதற்கு எத்தனை நேரமானது என்று எனக்குத் தெரியாது. நம்பர்களோடு வாழ்கிறவள் நான். அன்றைக்குக் கடிகாரத்தைப் பார்க்கத் தோன்றவில்லை. அவன் வலது கை கட்டிலிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. கயிறு அப்படியே இருந்தது.

சாயங்காலம், கண் விழித்த தம்பியிடம் விசாரித்துவிட்டு, அந்த டாக்டர் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"பெரிய ஆஸ்பத்திரில மாத்திரை எடுத்திட்டிருந்தாரே, ஏன் நிறுத்தினாங்க?"

"நான்தான் நிறுத்தினேன்" என்றேன்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மருந்தை நிறுத்திவிட்டுச் சில வாரம் சும்மா இருந்தால், முன்பு தாங்கிய அளவை உடம்பு தாங்காது. ஒருநாள் ஏக்கம் முட்டி, பழைய கணக்கிலேயே போட்டால் மூச்சு நின்றுவிடும் என்றார். "அந்த மாத்திரை அவரைக் காப்பாத்திட்டிருந்துச்சு மேடம். சர்க்கரைக்கு மாத்திரை போடறவங்ககிட்ட நிறுத்துன்னு சொல்வீங்களா?" சர்க்கரை எதற்கு? என் கைப்பைக்குள்ளேயே தைராய்டு டப்பா இருந்தது. பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

பிறகு அவர் சொன்னதைக் கேட்டு எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அந்த மருந்தைச் சின்ன ஊர்களுக்கும் கொண்டுவர அவர் பயிற்சி எடுத்து, அனுமதிக்காகப் பல மாதமாக அலைந்திருக்கிறார். அது கிடைத்துவிட்டது. வருகிற செவ்வாய்க்கிழமையிலிருந்து இதே ஆஸ்பத்திரியில், ஏழாம் நம்பர் ரூமில் கொடுக்கப்போகிறார்கள். முதலில் கொஞ்ச நாள் சிஸ்டர் முன்னால் கரைக்க வேண்டும். நிலைபட்டுவிட்டால் வாரத்துக்கொருமுறை வந்து வீட்டுக்கு வாங்கிப்போகலாம். எங்கள் வீட்டிலிருந்து அந்த ரூமுக்கு நடந்தால் பதினைந்து நிமிடம். பஸ் இல்லை, விடியற்காலை இல்லை, வேலை போகாது.

ஆனால் தம்பி மாட்டேன் என்றான்.

"சத்தியத்த மீறி ஒருவாட்டி போட்டேன். சாமி என்ன அடிச்சுது. அதோட வுட்டுதே, உன்ன ஒண்ணும் பண்ணலியேன்னு நான் கும்புட்டுகினு இருக்கிறேன். மறுபடி நாக்குல வைக்கச் சொல்றியா? உனக்கு எதுனா ஆச்சின்னா?"

"அது மருந்துடா."

"நீதானக்கா அதுவும் போதைன்னு சொன்னே."

நான் சொன்னதுதான். என் சொல்லை அவன் அவ்வளவு கவனமாகக் கேட்டது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். ஒன்றரை மணி நேரப் பஸ் பயணத்தை அந்த டாக்டர் இல்லாமல் ஆக்கிவிட்டார். மிச்சமிருந்த தடை அவன் மணிக்கட்டில் இருந்தது. அதைக் கட்டவைத்தவள் நான்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் முடிந்ததும் மோட்டார் கடைக்குப் போனேன். பூசாரி கிரீஸ் கையோடு நிமிர்ந்தார். "கயித்த அவுத்துடுங்க" என்று ஆரம்பித்தவள், நடந்ததையெல்லாம் சொல்லி முடித்தேன். குடி என்று சொன்னது பொய் என்பதையும் சொன்னேன். அதைச் சொல்லும்போது மட்டும் கடைக்கு வெளியே யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். அந்த நிலையிலும்!

அவர் கந்தல் துணியில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"டீச்சர், சாராயம்னு நெனச்சுக் கட்டுன கயிறு அது. போதைய வுடுன்னேன். டாக்டரு குடுக்குற மருந்த வுடுன்னு நான் எப்ப சொன்னேன்? ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருந்தா, நானே அனுப்பி வச்சிருப்பனே. எனக்கே பிரஷர் மாத்திரை இருக்குது."

"இப்ப அவுத்துடுங்களேன்."

"நான் கட்டுனது கயிறு. அவரு சத்தியம் பண்ணது உங்க தலைல. அங்க இருக்கிறத நான் எப்படி அவுக்கறது?"

கோபம் வந்தது. என்னைத் தட்டிக்கழிக்கிறார் என்று நினைத்தேன். வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் அவர் சொன்னது சரி என்று பட்டது.

இப்போது அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் கயிறு கட்டுவதற்கு முன், வரிசையை விட்டுத் தனியாக அழைத்துப்போய்க் கேட்கிறார்: "ஆஸ்பத்திரி மாத்திரை எதுனா போடுறியா? அத நிறுத்தக் கூடாது, புரியுதா?" குடி இல்லை, வேறு பழக்கம் என்று தெரிந்தால் ஏழாம் நம்பர் ரூமைச் சொல்லி அனுப்புகிறார். அப்படி வந்தவர்கள் சிலரை நான் அங்கே பார்த்திருக்கிறேன். ஒருவர் என்னிடம் கணக்குப் படித்தவர். வணக்கம் டீச்சர் என்றார், நானும் வணக்கம் என்றேன். எதற்கு வந்தாய் என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை லீவு எழுதிக் கொடுத்துவிட்டுத் தம்பியைக் கிளப்பினேன். "சாப்பிட வேணாம். வந்து உக்காரு, போதும்" என்றேன். வந்தான். ஏழாம் நம்பர் ரூமில் ஒரு மேசை, ஒரு பெஞ்சு, ஒரு சுவர்க்கடிகாரம். கதவைச் சரியாகச் சாத்த முடியாது. வெளியே ஊசி போடுகிற வரிசை. டாக்டர் அவனைப் பார்த்து, குறைந்த அளவில் ஆரம்பிக்கலாம் என்று எழுதினார். சிஸ்டர் மாத்திரையை அவன் உள்ளங்கையில் வைத்தார். அவன் அதை வாயருகே கொண்டுபோகவில்லை. என்னையே பார்த்தான்.

"உனக்கு எதுனா ஆச்சின்னா, அக்கா?"

அடக்கி வைத்திருந்ததெல்லாம் எனக்கு அங்கேதான் உடைந்தது. "நீ அந்த வண்டியிலயே செத்துப்போயிருந்தா எனக்கு இன்னா ஆயிருக்கும்? அத யோசிச்சியாடா?" என்று கத்தினேன். வெளியே வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றிருந்தது. "கோயில்ல பொய் சொன்னது நான். மாத்திரை சாப்பிடுறான்னு சொல்ல வெக்கப்பட்டுக் குடின்னு சொன்னேன். பொய் சொன்னவளுக்கே ஒண்ணும் ஆவல. மருந்து சாப்பிடுற உனக்காக எனக்கு ஆவுமா?"

கயிறு கட்டியிருந்த அவனது வலது கையை இழுத்து என் தலையில் வைத்தேன். "இப்ப சொல்லு. டாக்டரு நிறுத்துன்னு சொல்ற வரைக்கும் இந்த மாத்திரைய விடமாட்டேன்னு என் தலைல அடிச்சுச் சொல்லு."

அவன் இடது கையிலிருந்த மாத்திரையை எடுத்து நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

"பேசக் கூடாது" என்றார் சிஸ்டர். "கரையற வரைக்கும் வாயத் தொறக்காதீங்க."

அதனால் அவன் சொல்லவில்லை. ஆனால் கையை எடுக்கவுமில்லை. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூட்டை தூக்குகிற கை, கனம். மூன்றாவது நிமிடம் எனக்குக் கழுத்து வலித்தது. ஆறாவது நிமிடம் கயிற்றின் முடிச்சு நெற்றியில் உறுத்தியது. எனக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. முதல் தடவையாக நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

பத்து நிமிடம் ஆனதும் சிஸ்டர் டார்ச் அடித்து, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்தார். "கரைஞ்சிடுச்சி. இனி பேசலாம்" என்றார்.

தம்பி என் தலையிலிருந்து கையை எடுத்தான்.

"சொல்லிட்டேன்கா" என்றான்.